எல்லாக் குறையையும் ஒரே கடிதத்தில் சொல்லிவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டட அனுமதிக்காக உள்ளாட்சி அலுவலகங்களுக்கு நடையாய் நடந்த கதைகள் உங்கள் வாசகர் பக்கத்தில் அடிக்கடி வருகின்றன. எல்லாமே கவுன்டருக்கு வெளியே நின்றவர்கள் எழுதியவை. நான் உள்ளே உட்கார்ந்திருந்தவன். திட்டமிடல் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு கடிதம் வரட்டுமே என்றுதான் எழுதுகிறேன்.

சேவையை மேம்படுத்துவது என்று பேச்சு வந்தாலே எங்கள் அலுவலகத்தில் முதலில் நாற்காலி வாங்குவார்கள். அப்புறம் டோக்கன் இயந்திரம், தண்ணீர் கேன், 'தங்களுக்கு உதவக் காத்திருக்கிறோம்' என்றொரு பலகை. பொதுமக்களிடம் இனிமையாகப் பேசுவது எப்படி என்று ஊழியர்களுக்கு ஒரு நாள் பயிற்சியும் உண்டு. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நாலாவது தடவையாக வந்து நிற்கிறவருக்கு நாற்காலி போட்டு என்ன ஆகப்போகிறது?

அப்படி நாலாவது தடவை வந்த ஒரு பெரியவரை என்னால் மறக்க முடியவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு அறை கட்ட விண்ணப்பித்திருந்தார். வரைபடத்தில் வடக்குத் திசைக் குறி இல்லை என்று முதலில் திருப்பி அனுப்பினோம். போட்டுக்கொண்டு வந்தார். மூன்று வாரம் கழித்து, பின்பக்கம் விட வேண்டிய காலி இடத்தின் அளவு எழுதவில்லை என்று திருப்பினோம். எழுதிக்கொண்டு வந்தார். அடுத்து, ஒரு பிரதியில் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது என்றோம். மூன்றுமே முதல் நாளிலேயே எங்கள் கண் முன்னால் இருந்த குறைகள்.

நாலாவது தடவை வந்தவர், வரைபடத்தை என் மேஜையில் விரித்தார். அது சுருண்டுகொண்டே இருந்தது. என் பேப்பர் வெயிட், கோந்து டப்பா, தன் மூக்குக் கண்ணாடிக் கூடு, செல்போன் என்று நாலு மூலையிலும் பாரம் வைத்தார். "தம்பி, இதுல இன்னும் என்னென்ன தப்பு இருக்கோ எல்லாத்தையும் இப்பவே சொல்லிடுங்க, நான் எழுதிக்கிறேன்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. பேனா மூடியைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார். முழுதாகப் பார்த்து முடிக்க எனக்குப் பதினைந்து நிமிடம் ஆனது. இன்னும் இரண்டு குறைகள் இருந்தன.

அவரை அலையவிட வேண்டும் என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை. காசுக்காக இழுத்தடிப்பது வேறு கதை. அது இல்லாத இடத்திலும் இது நடக்கும், ஏனென்றால் வேலையை அப்படிப் பிரித்து வைத்திருக்கிறோம். சரிபார்ப்பவர் முதல் குறை கண்ணில் பட்டதும் நிறுத்திவிடுவார். எப்படியும் திருப்பத்தானே போகிறோம், மீதியை எதற்குப் பார்ப்பது? அன்றைய கணக்கில் ஒரு கோப்பு முடிந்ததாக ஏறிவிடும். மறுபடி வரும்போது அது வேறொருவர் மேஜைக்குப் போகும். அவர் கண்ணுக்கு வேறொன்று தட்டுப்படும்.

இதில் அலுவலகத்துக்கும் லாபமில்லை. ஒரு வாரம் தொலைபேசிக்குப் பக்கத்தில் துண்டுத்தாள் வைத்து, வந்த அழைப்புக்கெல்லாம் கோடு போட்டுப் பார்த்தேன். விதியைப் பற்றியோ புது மனுவைப் பற்றியோ கேட்டவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "என் ஃபைல் எங்கே சார் இருக்கு?" நாங்கள் வாயைத் திறக்காததால் வந்த அழைப்புகள் அவை. அவற்றுக்குப் பதில் சொல்லியே பாதி நாள் போகும். பார்க்க வேண்டிய கோப்பு கீழே கிடக்கும், அதனால் இன்னும் நாலு பேர் அழைப்பார்கள். பிரிட்டனைச் சேர்ந்த ஜான் செடன் என்ற மேலாண்மை ஆலோசகர் இதைத் தோல்வியால் உண்டாகும் தேவை என்கிறார். சரியான பெயர். அந்த அழைப்புகளைச் சமாளிக்க இன்னும் இரண்டு பேரை நியமிப்பது, ஓட்டைக் கூரைக்குக் கீழே வாளியை மாற்றி மாற்றி வைப்பது போலத்தான்.

கெடு விதித்தால் சரியாகிவிடும் என்று சில வாசகர்கள் எழுதுகிறார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். இங்கிலாந்தில் சிறிய மனுக்களுக்கு 8 வாரம், பெரியவற்றுக்கு 13 வாரம் என்று கெடு உண்டு. நீண்ட நாள் முடிவு சொல்லாவிட்டால் கட்டணத்தையே திருப்பித் தர வேண்டும் என்றும் 2013இல் விதி வந்தது. ஆனால் இரண்டு சந்துகள் இருக்கின்றன. மனு முழுமையாக வந்து சேர்ந்த பிறகுதான் நாள் எண்ணுவது தொடங்கும், முழுமையா இல்லையா என்று முதலில் பார்ப்பது அலுவலகம்தான். இன்னும் கொஞ்ச நாள் எடுத்துக்கொள்ளலாம் என்று மனுதாரர் எழுத்தில் சம்மதித்துவிட்டால் கெடுவும் தள்ளிப்போகும். மறுத்துவிடுவார்களோ என்ற பயம் இருக்கும்போது எத்தனை பேர் சம்மதிக்காமல் இருப்பார்கள்? அப்படிச் சம்மதம் வாங்குவது அங்கே சர்வசாதாரணமாகிவிட்டது.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது 'விளக்கம் தேவை' என்று நாங்களும் கடிதம் போடுவோம். அதோடு நாள் எண்ணுவது நின்றுவிடும், மாத அறிக்கையும் அழகாக இருக்கும். நானே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

இங்கிலாந்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு இரண்டு. மனுவும் வரைபடமும் முடிவும் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் இருக்கும். பெரும்பாலான இடங்களில் வீட்டில் உட்கார்ந்தபடியே இணையத்தில் பார்க்கலாம். மனுவை நிராகரித்தால், காரணம் முழுவதையும், எந்தக் கொள்கையின்படி நிராகரித்தோம் என்பதையும் அந்த ஆணையிலேயே எழுதியாக வேண்டும்.

நான் கேட்பது இன்னும் எளிது. முதல் தடவையே கடைசிப் பக்கம் வரை பாருங்கள். எல்லாக் குறையையும் ஒரே கடிதத்தில், விதி எண்ணோடு, பார்த்தவர் பெயரோடு எழுதுங்கள். முதல் மனுவிலேயே இருந்த குறையைப் பிறகு கேட்கக்கூடாது என்று உங்களுக்கு நீங்களே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொள்ளுங்கள். தவறவிட்டது பாதுகாப்பு சம்பந்தப்பட்டதாக இருந்தால் கேட்கத்தான் வேண்டும், அப்போது மன்னிப்பும் கேளுங்கள். இன்னொன்று. கவுன்டரில் எப்போதும் புதிதாகச் சேர்ந்த பிள்ளையைத்தான் உட்கார வைக்கிறோம். அதற்கு எதுவும் தெரியாது, "விண்ணப்பம் போட்டுப் பாருங்க சார்" என்று சொல்லி அனுப்பும். விதிகள் தெரிந்த மூத்தவர் ஒருவர் தினமும் ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்தால், வரவே கூடாத மனுக்கள் வாசலோடு நின்றுவிடும்.

இணையதளம் வந்தபிறகு இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 'பரிசீலனையில் உள்ளது' என்று இரண்டு மாதம் திரை காட்டினால் அதுவும் பூட்டிய கவுன்டர்தான்.

மனுதாரரை 'வாடிக்கையாளர்' என்று அழைப்பது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. கடையில் சரியில்லையென்றால் வேறு கடைக்குப் போகலாம், இவர் எங்கே போவார்? அதோடு, அடுத்த வீட்டுக்காரர் கவுன்டர் பக்கமே வந்திருக்க மாட்டார். அவர் ஜன்னல் வெளிச்சமும் அந்தக் கோப்பில்தான் இருக்கிறது. 'முடியாது' என்று பத்தாம் நாளே காரணத்தோடு சொல்லிவிடுவதும் நல்ல சேவையில்தான் சேரும்.

அந்தப் பெரியவர் இரண்டு குறையையும் சரிசெய்து கொண்டுவந்தார், அனுமதி கிடைத்தது. அதற்குப் பிறகு, பார்க்க வேண்டியதையெல்லாம் வரிசையாக ஒரு தாளில் தட்டச்சு செய்து, ஒவ்வொரு கோப்பிலும் முதல் பக்கமாகக் குத்தி வைத்தேன். எல்லாக் கட்டத்திலும் குறி போட்ட பிறகுதான் கோப்பு அடுத்த மேஜைக்கு நகரும். முதலில் முணுமுணுத்த ஊழியர்கள், தொலைபேசி அடங்கத் தொடங்கியதும் தாள் தீர்ந்துவிட்டது என்று அவர்களே கேட்டு வாங்கினார்கள். நான் ஓய்வு பெற்ற அடுத்த ஆண்டு தணிக்கைக்கு வந்தவர்கள், 'அங்கீகரிக்கப்படாத படிவம்' என்று குறிப்பெழுதி அதை நிறுத்திவிட்டார்களாம். ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. எந்த அலுவலகமாவது கேட்டால் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர் ஒருவர்