மகனுக்கு, உடற்பரிசோதனையை முன்னிட்டு

திருமங்கலம்

அன்புள்ள தம்பிக்கு,

வேலையில் சேரும்முன் நடக்கும் உடற்பரிசோதனையில் விதைப்பையையும் பார்ப்பார்களா என்று நீ அப்பாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாயாம். ராஜாஜி மருத்துவமனையின் அறுவைப் பிரிவில் செவிலியராக இருந்தவளுக்கு இதில் கூச்சம் ஏது? ஆகவே நானே எழுதுகிறேன்.

மருத்துவர் கையுறை அணிந்து, இரண்டு விதைகளையும் தனித்தனியே விரல்களுக்கிடையில் மெல்ல உருட்டிப் பார்ப்பார்; குடலிறக்கம் உண்டா என்று அறிய உன்னை நிற்கவைத்து இருமச் சொல்வார். ஓரிரு நிமிட வேலை, வலிக்காது. கை படும்போது உறுப்பு தானாக விறைத்தாலும் அதை அவர்கள் பொருட்படுத்துவதில்லை.

நீ குழந்தையாக இருந்தபோது, கீழிறங்காத இடது விதையை அறுவை செய்து பைக்குள் இறக்கிவைத்தார்கள் என்பதை அவர் கேட்கும்முன் நீயே சொல்லிவிடு. அப்படிப் பிறந்தவர்களுக்கு விதைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அறுவை அதைக் குறைக்குமே தவிர அடியோடு நீக்காது. நோய் அரிதானதுதான், ஆனால் இளவயது ஆண்களையே அதிகம் நாடுகிறது. எல்லா ஆண்களும் மாதந்தோறும் தங்கள் விதைகளைத் தாங்களே தடவிப் பார்த்தாக வேண்டும் என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. உன்னைப் பொறுத்தவரை பார்ப்பதே நல்லது என்பேன்.

வெந்நீரில் குளித்ததும் பை தளர்ந்திருக்கும்போது பார். (சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை அங்கே போயும் விடவில்லை என்றே நம்புகிறேன்.) விதை, உரித்த அவித்த முட்டையைப் போல வழவழப்பாக இருக்கும், ஒன்று சற்றுப் பெரிதாகவோ தாழ்ந்தோ இருப்பதும், பின்புறம் மென்மையான குழாய் போன்ற பகுதி தட்டுப்படுவதும் இயல்பே. விதையிலேயே கெட்டியாக ஒரு கட்டி, புதிதாக வீக்கம், பையில் பாரம் இவற்றில் எது தெரிந்தாலும் சில நாட்களுக்குள் மருத்துவரிடம் போ. வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதே. இந்தக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. ஓதநீர் (விதையைச் சுற்றிச் சேரும் நீர்) தேங்கிய பையை வேட்டிக்குள் மறைத்தபடி ஆண்டுக்கணக்கில் நடமாடிய பெரியவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அது நீர் என்பதால் பிழைத்தார்கள். நீரா கட்டியா என்பதை ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் பெரும்பாலும் காட்டிவிடும். புற்றுநோயாகவே இருந்தாலும், தொடக்கத்தில் கண்டுபிடித்தால் ஏறக்குறைய எல்லோருமே குணமடைகிறார்கள்.

திடீரென ஒரு பக்க விதை கடுமையாக வலித்தால், வாந்தி வந்தாலும் வராவிட்டாலும், நள்ளிரவே ஆனாலும், விடியட்டும் என்று காத்திராமல் அவசரப் பிரிவுக்கு ஓடு. விதை முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் நின்றிருக்கலாம். ஏறத்தாழ 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்தால்தான் அதைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம்.

அன்புடன்,
அம்மா