நெஞ்சு வலி என்று வருகிறவருக்கு இரண்டு கையிலும் பிரஷர் பாருங்கள்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். அரிசி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்த என் அப்பா, அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வயது 56. "முதுகுல யாரோ துணியைக் கிழிக்கிற மாதிரி இருக்குடா" என்றார். அம்மா அவருடைய வலது கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அந்தக் கை மட்டும் சில்லிட்டுப் போயிருந்தது.

முதலில் போன ஆஸ்பத்திரியில் இடது கையில் பிரஷர் பார்த்தார்கள், இசிஜி எடுத்தார்கள், மாரடைப்பாக இருக்கும் என்று ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்தார்கள். அங்கிருந்து இன்னொரு இடம். அங்கே சிடி ஸ்கேன் எடுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அப்புறம் மூன்றாவது இடம். அங்கிருந்த அறுவை சிகிச்சை மருத்துவர் இரண்டே கேள்வி கேட்டார். வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது? ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது கொடுத்தார்களா? காலி மாத்திரை அட்டை என் சட்டைப் பையிலேயே இருந்தது. வலி வந்து 11 மணி நேரம் கழித்து ஆபரேஷன் நடந்தது. ரத்தக்கசிவு நிற்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் அப்பா போய்விட்டார்.

அவருக்கு வந்தது மாரடைப்பு இல்லை. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் உள்சுவர் கிழிந்து, ரத்தம் சுவரின் அடுக்குகளுக்குள்ளேயே புகுந்து பாய்ந்திருக்கிறது. கைக்குப் போகும் கிளையை அது அடைத்தால் அந்தக் கையில் நாடி குறையும், கை குளிரும். அம்மா தேய்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

இந்தக் கிழிசல் இதயத்தை ஒட்டிய பகுதியில் வந்தால் 'ஏ' வகை என்பார்கள். அதற்கு உடனடி அறுவை சிகிச்சைதான் வழி. பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து 1996 முதல் ஒரு பதிவேடு வைத்திருக்கின்றன. அதன்படி, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் முதல் சில ஆண்டுகளில் 25 சதவீதம். 2013 வாக்கில் அது 18 ஆகக் குறைந்துவிட்டது. மருந்து மட்டும் கொடுக்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேல் இறந்தார்கள், அந்த எண்ணிக்கை பெரிதாகக் குறையவே இல்லை. அறுவை சிகிச்சை மேசை வரை போய்ச் சேருகிறவர்களின் நிலைமை வருடத்துக்கு வருடம் தேறி வருகிறது. நாம் கோட்டை விடுவது அதற்கு முந்தைய மணி நேரங்களில்.

2023-ல் நீங்கள் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. நெஞ்சு வலியோடு வருகிறவர்களில் பெருந்தமனி கிழிந்தவர்களைவிட மாரடைப்புக்காரர்கள் பல மடங்கு அதிகம். அந்தத் திட்டத்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் கிடைப்பது அவர்களுக்கு உயிர். ஆனால் அதே மாத்திரை, தமனி கிழிந்தவருக்கு அறுவை சிகிச்சையில் ரத்தப்போக்கைக் கூட்டிவிடும். அதனால் மாத்திரை கொடுக்கும் முன் ஒரே ஒரு நிமிடம் கேட்கிறேன். வலி ஒரே நொடியில் உச்சத்துக்குப் போனதா, முதுகுக்கு இறங்கியதா, குடும்பத்தில் யாராவது இப்படித் திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இரண்டு கையிலும் பிரஷர் பாருங்கள். 20 புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகப்படுங்கள். வித்தியாசம் இல்லாததாலேயே நோய் இல்லை என்று ஆகிவிடாது, ஆனாலும் எங்கள் அப்பாவுக்கு அது ஒன்றே போதுமாயிருந்திருக்கும்.

அடுத்தது, எங்கே அனுப்புவது. ஜப்பானின் டோக்கியோவில் 2010-லேயே இதற்கென்று மருத்துவமனைகளை ஒரு வலைப்பின்னலாக இணைத்து, இந்த அறுவை சிகிச்சைக்குத் தயாராக உள்ள இடத்துக்கு நோயாளியை நேராகக் கொண்டுபோக வழி செய்தார்கள். நம்மிடம் 108 இருக்கிறது, மாரடைப்புக்கு எந்த ஊரிலிருந்து எங்கே அனுப்புவது என்று முறைப்படுத்திய அனுபவமும் இருக்கிறது. இன்று இரவு எந்த மருத்துவமனையில் பெருந்தமனி அறுவை சிகிச்சைக் குழு தயாராக இருக்கிறது என்று ஒரே ஒரு தொலைபேசி எண்ணில் தெரிந்தால், ஒரு குடும்பம் மூன்று வாசல் ஏற வேண்டியிருக்காது. இந்த நோயாளிகளை அதிகம் பார்க்கும் இடங்களில்தான் பிழைப்பவர்களும் அதிகம். ஆகவே மண்டலத்துக்கு ஒரு மையம் என்று தேர்ந்தெடுத்துப் பலப்படுத்துங்கள்.

இந்த நோய் வந்தவர்களில் நான்கில் மூன்று பேருக்கு ஏற்கெனவே உயர் ரத்த அழுத்தம் இருந்திருக்கிறது. அப்பாவும் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர்தான்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் எங்கள் தெருவுக்கு வரும் சகோதரியிடம் போன மாதம் அம்மாவுக்கு இரண்டு கையிலும் பிரஷர் பார்க்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். அம்மாவுக்குப் பார்த்துக் குறித்துக்கொண்டார், அப்புறம் பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கும் இரண்டு கையிலும் பார்த்துவிட்டுப் போனார்.

இப்படிக்கு,
அப்பாவை இழந்த ஒரு மகன்