பஸ் ஸ்டாப்புக்கு ஒரு பெஞ்சு

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள அம்மிணிக்கு,

இங்கே இருவரும் சௌக்கியம். உன் அம்மாவின் முழங்கால் மட்டும்தான் சொல்பேச்சு கேட்பதில்லை.

பெங்களூருக்கே வந்துவிடுங்கள் என்று மறுபடியும் சொன்னாய். போனில் எனக்குப் பதில் ஓடவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

பஞ்சாயத்தில் வயோஜன கிராமசபை கூட்டினார்கள். எங்களைப் போல வயசானவர்களுக்கென்றே இங்கே கேரளத்தில் நடத்துகிற கூட்டம். ஆளாளுக்கு மருந்து, பென்ஷன் என்று கேட்டார்கள். நான் எழுந்து, பஸ் ஸ்டாப்பில் ஒரு பெஞ்சு வேண்டும் என்றேன். சிலர் சிரித்தார்கள். பொள்ளாச்சி பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நிற்க முடியாமல் உன் அம்மா தங்கச்சி வீட்டுக்குப் போயே ஒரு வருஷமாகிறது என்று சொன்னேன். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. பாதி தமிழ், பாதி மலையாளம், எல்லாருக்கும் புரிந்தது.

பெஞ்சு வந்துவிட்டது. சிமெண்டு பெஞ்சு. சாய்மானமும் இல்லை, கைப்பிடியும் இல்லை. உட்கார்ந்தவரைத் தூக்கிவிட இன்னொரு ஆள் வேண்டும்! அடுத்த கூட்டத்தில் அதையும் கேட்பேன்.

முதியவர்களுக்கு ஏற்ற நகரம் எப்படி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் ஒரு கையேடு வெளியிட்டதாம். வயசானவர்கள் பகலில் கூடியிருக்கிற பகல்வீட்டில் வாத்தியார் சொன்னார். உட்கார இடம், இடறாத நடைபாதை, கழிப்பறை, ஏறக்கூடிய பஸ் எல்லாம் அதில் இருக்கிறதாம். அவ்வளவு பெரிய ஆட்களும் பெஞ்சைத்தான் கேட்டிருக்கிறார்கள், பார்.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். ஒரு பேங்கில் என் விரல் ரேகை மெஷினில் விழவில்லை என்று மூன்று நாள் அலையவிட்டார்கள். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகைக்கு எங்கே போவது? ஆனால் மேற்கு வீட்டுப் பெரியம்மா படுக்கையில் விழுந்த பிறகு, பாலியேட்டிவ் நர்ஸ் வீட்டுக்கே வந்து புண்ணைத் துடைத்துக் கட்டிவிட்டுப் போகிறார். பகல்வீட்டுக்கு நான் இரண்டு நாள் போகாவிட்டால் யாராவது வாசலில் வந்து நின்று கூப்பிடுகிறார்கள்.

உன் வீட்டில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, கண்ணு. பதினோராவது மாடியிலிருந்து இறங்கினால் பேச ஆள்தான் இல்லை. ரயிலில் முதியோர் சலுகையையும் 2020இல் நிறுத்திவிட்டார்கள். அது கிடக்கட்டும், முழு டிக்கெட்டே எடுக்கலாம்.

உங்கள் அபார்ட்மெண்டில் கீழே உட்கார இடம் இருக்கிறதா, சாயங்காலம் அங்கே யாராவது வருகிறார்களா என்று பார்த்து எழுது. இருந்தால் தீபாவளிக்கு வந்து பத்து நாள் தங்குகிறோம்.

அப்பா