ஈரல் ஆய்வுக்கு வந்தவர்களுக்கும் அழைத்து வந்தவர்களுக்கும்

மதுரை

அன்புடையீர், வணக்கம்.

கல்லீரல் கொழுப்பு நோய் பற்றிய எங்கள் ஆய்வுக்கு ஆள் சேர்க்கும் வேலை சென்ற வாரத்தோடு முடிந்தது. கடைசியாகக் கையெழுத்திட்டவர், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வெறும் வயிற்றோடு வந்த ஓர் அம்மா. அவர் பெயரை இங்கே எழுத முடியாது. உங்களில் எவருடைய பெயரையும் எழுத முடியாது. ஒப்புதல் படிவத்தில் "நீங்கள் யார் என்பது வெளியே தெரியாது" என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம். நன்றி சொல்வதற்காகக்கூட அதை மீறக் கூடாது. அழைத்து வந்தவர்களின் பெயர்களையும் அதனால்தான் விட்டுவிட்டேன். ஒருவரைச் சொன்னால், அவரோடு வந்தவர்கள் யார் என்று ஊர் எளிதில் கண்டுபிடித்துவிடும். நான் யாரைச் சொல்கிறேன் என்பது படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

ஒருங்கிணைப்பாளராக இந்தப் பொறுப்பை ஏற்றபோது, ஆள் கிடைப்பதில் சிரமம் இருக்காது என்று நம்பினேன். சர்க்கரை நோய்ப் பிரிவுக்கு வருகிறவர்களின் பைகளில், 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று எழுதிய பழைய ஸ்கேன் சீட்டு எத்தனையோ மடிந்து கிடக்கும். வலி கிடையாது, மஞ்சள் காமாலை கிடையாது. அதனால் அந்தச் சீட்டை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் "ஈரலைப் பற்றி ஓர் ஆய்வு" என்று நான் பேச்சைத் தொடங்கினால் போதும், எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடும். "நான் குடிக்கிற ஆள் இல்லையே" என்பார் ஆண். பெண்கள் அதுகூடச் சொல்லாமல் எழுந்து போய்விடுவார்கள். "ஈரலைக் காட்டப் போனேன் என்று மாமியார் காதில் விழுந்தால் என்ன நினைப்பார்?" என்று ஓர் அக்கா என்னிடம் கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

நம் மொழியில் 'கொழுப்பு' என்பதே ஒரு வசைச்சொல். "உனக்குக் கொழுப்பு அதிகம்" என்று நாம் ஒருவரை எதற்குத் திட்டுவோம் என்பது எல்லாருக்கும் தெரியும். அதை ஈரலோடு சேர்த்து ஒரு நோயின் பெயராகச் சொன்னால் கேட்பவர் கூசத்தான் செய்வார். உலகம் முழுவதும் இந்தக் கூச்சம் இருந்திருக்கிறது. 'மது சாராத கொழுப்புக் கல்லீரல் நோய்' என்று பல ஆண்டுகளாக வழங்கிய பெயரை 2023-இல் கல்லீரல் மருத்துவச் சங்கங்கள் மாற்றின. உடலின் வளர்சிதை மாற்றம் சீர்கெடுவதால் வரும் நோய் என்பதைப் புதிய பெயர் நேராகச் சொல்கிறது. பழைய பெயரில், 'இல்லை' என்று சொல்வதற்காகவாவது மது இருந்தது. இப்போது அதுவும் இல்லை. இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன்.

ஆனால் மேலூர்ப் பக்கம் மாற்றம் வந்ததற்குக் காரணம் ஒரு மகளிர் குழுத் தலைவி. அவர் முதலில் தனியாக வந்து, ஈரலில் கொழுப்பும் இறுக்கமும் எவ்வளவு என்று அளக்கும் பரிசோதனையைச் செய்துகொண்டார். வலது கையைத் தலைக்கு மேல் வைத்துப் படுக்க வேண்டும். விலா எலும்புகளுக்கு நடுவில் கருவியின் முனையை வைப்பார்கள். விரலால் சுண்டுவது போல ஓர் அதிர்வு, அது பத்து முறை. அவ்வளவுதான். அறிக்கையை வாங்கிக்கொண்டு போனவர் அடுத்த குழுக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அதை விரித்துக் காட்டியிருக்கிறார். "நான் ஒரு சொட்டுக் குடித்தவள் இல்லை. எனக்கே இருக்கிறது. சர்க்கரையும் தொப்பையும் இருந்தால் வரும், ஒல்லியாக இருந்தாலும் வரலாம்" என்றாராம். அடுத்த சனிக்கிழமை ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்து இறங்கினார்கள். அம்மா, அந்தக் காலை வேளையை நான் மறக்க மாட்டேன். நானும் என்னோடு இருந்த செவிலியரும் உங்களைப் பார்த்து அழுதுவிட்டோம்.

ஆய்வு நடத்த அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் மருத்துவத் துறையைச் சாராத பொதுமக்களில் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் குழுவுக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எங்கள் படிவத்தை அவர் மூன்று முறை திருப்பி அனுப்பினார். அப்போது எனக்குக் கோபம் வந்தது, ஐயா. இப்போது சொல்கிறேன், நீங்கள் செய்ததுதான் சரி. 'ஆய்வுக்கு உட்படுத்தப்படும் நபர்' என்பதை அடித்துவிட்டுப் 'பங்கேற்பவர்' என்று எழுதினீர்கள். 'கல்லீரல் இழைநார்ப் பெருக்கம்' என்ற இடத்தில் 'ஈரலில் விழும் தழும்பு' என்று போட்டீர்கள். விலகும் உரிமையைப் பற்றி நாங்கள் நான்கு வரிக்கு நீட்டி எழுதியிருந்ததை, "பிடிக்கவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். காரணம் சொல்ல வேண்டாம். உங்கள் வைத்தியம் குறையாது" என்று சுருக்கினீர்கள். அந்த இடத்தைப் படித்துக் காட்டும்போதுதான் பலர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். விலகலாம் என்று தெரிந்த பிறகே சேர்ந்தார்கள்.

ஆய்வில் சேர முடியாமல் போனவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டு, பட்டினியாக வந்து, இரத்தம் கொடுத்து, கடைசியில் பி அல்லது சி வகை மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கிறது என்றோ, சாப்பிடும் மாத்திரை ஒத்துவராது என்றோ திரும்பிப் போனவர்கள் நிறையப் பேர். தொடக்கத்தில் நாங்கள் "நீங்கள் தேர்வாகவில்லை" என்று சொல்லிவந்தோம். பரீட்சையில் தோற்றது போல ஒரு பாட்டி குன்றிப்போய் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு அந்தச் சொல்லையே விட்டோம். அப்படிச் சொன்னதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீங்கள் வந்தது வீணாகவில்லை. யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக் கூடாது என்பதைச் சரியாகப் பிரித்தால்தான் ஆய்வின் முடிவை நம்ப முடியும். நோய் எதுவும் இல்லாமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மட்டும் இரத்தம் கொடுத்தவர்களுக்கும் இதே நன்றி உரியது.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் யூர்கன் லுட்விக் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1980-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். குடிப்பவர்களின் ஈரலைப் போலவே கெட்டிருந்த, ஆனால் குடிப்பழக்கம் இல்லாத 20 நோயாளிகளைப் பற்றியது அது. கொழுப்பு சேர்ந்த ஈரலில் வரும் அந்த அழற்சிக்குப் பெயர் கிடைத்தது அவர்களால்தான். அந்த 20 பேர் யார் என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு 40 ஆண்டுகளுக்கு மேல் கடந்து, 2024 மார்ச்சில்தான் ரெஸ்மெடிரோம் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இந்த அழற்சிக்கென்று அந்த நாடு ஏற்ற முதல் மருந்து அது. அதற்கு ஆதாரமாக இருந்த ஆய்வில் 966 பேரின் விவரங்கள் ஆராயப்பட்டன. ஊசியால் ஈரல் சதையை எடுக்கச் சம்மதித்து, மாத்திரையா வெற்று மாத்திரையா என்று தெரியாமலே மாதக்கணக்கில் விழுங்கியவர்கள் அவர்கள். நாங்கள் உங்களிடம் கேட்டது அவ்வளவு பெரிதில்லை. ஆனாலும் உங்களை அந்த வரிசையில் வைத்துத்தான் நான் பார்க்கிறேன்.

இன்னும் சிலர் இருக்கிறார்கள். நரம்பு அகப்படாத கைகளிலும் ஒரே குத்தில் இரத்தம் எடுத்த ஆய்வக அண்ணன். பரிசோதனை முடியும் வரை காத்திருந்து, பசியோடு வந்தவர்களுக்குச் சூடாக இட்லி கொடுத்த கேன்டீன் அக்கா. பேருந்து நிலையத்திலிருந்து முதியவர்களை ஏற்றி வந்து வாசல் வரை கைபிடித்துக் கூட்டிவந்த ஆட்டோக்காரர். கணவருக்காக வீட்டுச் சமையலையே மாற்றிய மனைவியர். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் தழும்புகூட ஆறத் தொடங்கலாம் என்று நாங்கள் சொல்லிவிட்டோம். தட்டில் சோற்றைக் குறைத்ததும், தேநீரில் சர்க்கரையை நிறுத்தியதும், அதனால் வந்த கோபத்தைத் தாங்கியதும் நீங்கள்.

ஒன்று பாக்கி இருக்கிறது. பரிசோதனை செய்துகொண்டு அறிக்கையை வாங்காமல் போனவர்களின் காகிதங்கள் என் மேசையில் இருக்கின்றன. சேர முடியாதவர்களுடையவையும் அதில் உண்டு. சனிக்கிழமை காலையில் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். அன்று கொடுத்த எண் சீட்டு தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியும். அளவு கூடுதலாக இருப்பவர்களுக்கு ஈரல் மருத்துவரைப் பார்க்க அன்றே ஏற்பாடு செய்து தருகிறோம். இந்த முறை சாப்பிட்டுவிட்டே வரலாம்.

அன்புடன்,
ஆய்வு ஒருங்கிணைப்பாளர்