ஊசி போட முந்தி இதை வாசி

வெள்ளவத்தை, கொழும்பு
ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள ராணி,

தைப்பொங்கலுக்கு நீ அனுப்பிய குரல் பதிவுக்கு இன்னும் பதில் போடாமல் இருந்தது என் பிழை. நேரம் கிடைக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். உன்னிடம் ஒன்றை மறைத்துக்கொண்டு மற்றதை மட்டும் எழுத மனம் வரவில்லை, அதனால் ஒன்றுமே எழுதவில்லை. நேற்று இரவு நீ, "வாற வியாழன் நாடிக்குக் கீழ கொழுப்புக் கரைக்கிற ஊசி போடப்போறன், முற்பணமும் கட்டியாச்சு" என்று ஒரு வரி போட்டாய். அதோடு எனக்கு நித்திரை போய்விட்டது. வாட்ஸ்அப்பில் தட்டினால் துண்டு துண்டாகத்தான் வரும், அதுதான் இருந்து எழுதுகிறேன். முழுக்க வாசி. பாதியில் எழும்பிப் போய்விடாதே.

இங்கே எல்லாரும் சுகம். இவருக்கு முழங்கால் நோ, ஆனால் நடக்கிறார். பெரியக்கா கொட்டாஞ்சேனையில் அதே வீடு, அதே மாமரம், பக்கத்து வீட்டோடு அதே சண்டை. சித்திரை வருஷத்துக்கு எங்கள் மகன் வரவில்லை. வெயில் சொல்லி வேலையில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சீனி வருத்தம் என்று தெரிந்த பிறகு நான் மெலிந்தது உனக்குத் தெரியும். பதினான்கு மாதத்தில் 71 கிலோவிலிருந்து 58க்கு இறங்கினேன். விடிய மரீன் டிரைவில் நடை, இரவில் சோறு இல்லை, குரக்கன் பிட்டு. மூன்று மாதச் சராசரி காட்டும் சீனிச் சோதனை 9.4இலிருந்து 6.3க்கு வந்தது. டொக்டர் எழும்பிக் கை தந்தார். ஆனால் மார்க்கெட்டில், லிஃப்டில், கல்யாண வீட்டில் கண்ட சனம் எல்லாம் கேட்டது ஒரே கேள்விதான்: "என்ன மாலா, இப்பிடி வாடிப்போனீர்? ஏதும் வருத்தமோ?" எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு உடம்பு இவ்வளவு சுகமாக இருந்த நேரம் அது, ராணி. முகமும் கழுத்தும் ஊருக்கு வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தன. மயூரபதி அம்மன் கோயிலில் ஒரு வயதான அம்மா என் கையைப் பிடித்து, "கான்சரோ பிள்ளை?" என்று மெல்லக் கேட்டா. அன்றைக்கு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வடிவுக்காகச் செய்யவில்லை என்றும் சொல்ல மாட்டேன். வடிவாக இருக்க ஆசைதான். 61 வயதில் அந்த ஆசை இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

முதலில் போனது காலி வீதியிலிருந்து இறங்கும் ஒரு லேனில் உள்ள சலூனுக்கு. பெயர் வேண்டாம். வெட்டாமல் தைக்காமல் அல்ட்ராசவுண்ட் சூட்டால் முகத்தைத் தூக்கித் தருவோம், மூன்று தரத்துக்குச் சேர்த்துக் கட்டினால் விலை குறையும், அதுவும் இன்றைக்குக் கட்டினால்தான் என்றார்கள். எந்த ஆழத்துக்குச் சூடு போகும் என்று கேட்டேன். "எல்லாருக்கும் ஒண்டுதான் அன்ரி, மெஷினே பாத்துக்கொள்ளும்" என்றது அந்தப் பிள்ளை. டொக்டர் ஆர் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. என்றாலும் கார்ட்டைக் கையில் எடுத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து எங்கள் சிநேகிதி யோகா போன் எடுத்தாள்.

யோகாவின் முகம் உனக்கு ஞாபகம் இருக்கும், சின்ன முகம், சதையே இல்லை. அவள் அதற்கு முந்திய வருஷம் இதே மாதிரி ஒரு இடத்தில் இதே மாதிரி ஒன்றைச் செய்து, இப்போது இடது கன்னத்தில் ஒரு குழி. சூடு தவறான ஆழத்தில் இறங்கினால் கன்னத்தில் மிச்சம் இருக்கிற கொழுப்பையும் உருக்கிவிடும், மெலிந்த முகத்துக்கு அந்த ஆபத்து இன்னும் கூட. அவள் இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. வெட்கமாம். நாங்கள் எல்லாரும் இப்படி ஒளித்து ஒளித்துச் செய்வதால்தான் ஒருத்தியின் பாடு மற்றவளுக்குத் தெரியாமல் போகிறது. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. கார்ட்டைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு ஒரு தோல் வைத்திய நிபுணரிடம் நேரம் பதிந்து போனேன். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். அவர் முதல் பத்து நிமிஷம் எந்தச் சிகிச்சையின் பெயரும் எடுக்கவில்லை. கழுத்துத் தோலைக் கிள்ளிப் பிடித்து விட்டு, அது திரும்பிப் போக எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு "ஈ" என்று சொல்லச் சொன்னார். கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துக் கண்ணாடியைக் கையில் தந்து, "இப்ப பாருங்க, எது மேலே போகுது, எது அப்படியே இருக்குது?" என்று கேட்டார்.

தொங்கல் என்று நாங்கள் ஒரு சொல்லில் சொல்லுகிறோம், ஆனால் உள்ளுக்குள்ளே நாலு விஷயம் நடக்கிறது. தோலை இறுக்கமாக வைத்திருக்கிற புரதம், கொலாஜன், குறைகிறது, மாதவிடாய் நின்ற முதல் 5 வருஷத்திலேயே ஏறக்குறைய 30 வீதம் போய்விடுமாம். கன்னத்துக் கொழுப்பு வற்றிக் கீழே சரிகிறது. கழுத்தின் முன்பக்கத்தில் விரிந்து கிடக்கிற மெல்லிய தசை, பிளட்டிஸ்மா, கயிறு மாதிரிப் புடைக்கிறது. தாடை எலும்பும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. இதில் எது யாருக்கு எவ்வளவு என்று பாராமல் சிகிச்சையைத் தெரிவுசெய்தால் காசும் போகும், முகமும் போகும்.

கயிறு புடைப்பதற்குத்தான் போட்டொக்ஸ், தசையைத் தளர்த்துகிற ஊசி. கழுத்துக் கயிறுகளுக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்ததே 2024 ஒக்டோபரில்தான். மூன்று நாலு மாதத்தில் வேகம் குறைந்துவிடும், அளவு கூடினால் விழுங்கக் கஷ்டம் வரலாம். எனக்கு "ஈ" சொல்லும்போது இரண்டு மெல்லிய கயிறுதான் தெரிந்தது, இப்போதைக்குத் தேவையில்லை என்றுவிட்டார். வற்றிய கன்னத்துக்கு ஃபில்லர், அதாவது உள்ளே நிரப்புகிற ஊசி, போடலாம், ஆனால் அது தவறி இரத்தக்குழாய்க்குள் போனால் கண்பார்வையே போன ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் ஹயலுரோனிக் அமில ஃபில்லராக இருக்க வேண்டும், அதைக் கரைக்கிற மருந்து அந்த அறையிலேயே இருக்க வேண்டும், இரண்டையும் கேட்காமல் கதிரையில் இருக்காதே. நூல் போட்டு இழுப்பதைப் பற்றியும் கேட்டேன். நூல் கரையக் கரைய தூக்கலும் இறங்கும், சிலருக்கு நூல் போன இடத்தில் குழி விழும் என்றார். அதோடு அந்த ஆசை விட்டுப்போனது.

லேசர் வேண்டாம் என்று அவரே முதலில் சொன்னார். எங்கள் மாநிறத்தில் கடும் லேசர் பட்டால் ஆறிய பிறகு கறுப்புத் தழும்பு நிற்கும், கழுத்தில் எண்ணெய்ச் சுரப்பி குறைவு, ஆறுவதும் மெதுவாகத்தான். அல்ட்ராசவுண்டும் ரேடியோ அலைச் சூடும் தோலின் நிறத்தைத் தேடிப் போவதில்லை, அதனால் எங்களுக்குப் பொருந்தும். ரேடியோ அலையை நுண்ணூசியோடு சேர்த்துக் குத்துகிற முறை ஒன்று இருக்கிறது, அதில் சூட்டுக் காயமும் தழும்பும் கொழுப்பு இழப்பும் வந்ததாக 2025 ஒக்டோபரில் எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டது. மெஷின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பிடிக்கிற கையைப் பார்க்க வேண்டும்.

நான் தெரிவுசெய்தது உள்ளே படம் காட்டுகிற அல்ட்ராசவுண்ட். அந்த வகைக்கு 2009இல் புருவத்துக்கும் 2012இல் நாடிக்குக் கீழும் கழுத்துக்கும் எஃப்.டி.ஏ. அனுமதி உண்டு. திரையில் தோலின் அடுக்குகளைப் பார்த்து, 4.5 மில்லிமீற்றர், 3, 1.5 என்று ஆழம் மாற்றி மாற்றி, புள்ளி புள்ளியாக 60இலிருந்து 70 பாகைச் சூடு வைக்கிறார்கள். சுட்ட இடத்தைத் திருத்த உடம்பு புதுக் கொலாஜன் கட்டுகிறது, முழுப் பலன் தெரிய மூன்று மாதம், சிலருக்கு ஆறு. என் கன்னத்தில் சதை குறைவு என்பதால் அங்கே ஆழமானதை வைக்கவில்லை. தாடை ஓரமும் கழுத்தும் மட்டும். முதலே சீனி ரிப்போர்ட் கேட்டுப் பார்த்தார், நிறை ஆறு மாதமாக ஒரே அளவில் நிற்கிறதா என்றும் கேட்டார்.

பொங்கலுக்கு ஒரு கிழமை முதல் செய்தேன். ஒன்றேகால் மணித்தியாலம். நோகாது என்று ஆரும் சொன்னால் நம்பாதே, தாடை எலும்புக்குக் கிட்ட வரும்போது கதிரைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அன்று பின்னேரம் வரை சிவப்பு, ஒரு கிழமை தொட்டால் நோ. உன் பொங்கல் பதிவு வந்த நேரம் அந்த நோவோடுதான் இருந்தேன். சொன்னால் சிரிப்பாயோ, ஏசுவாயோ என்று தெரியவில்லை.

இப்போது மூன்று மாதம் தாண்டிவிட்டது. தாடைக் கோடு திரும்ப ஒரு கோடாகத் தெரிகிறது. கழுத்தில் அரைவாசிதான். அறுவைச் சிகிச்சை தருவதை இது தராது, ஒரு வருஷம், கூடினால் ஒன்றரை வருஷம் என்று அவரும் முதலே சொல்லிவிட்டார். மூன்று மாத பென்ஷன் போனது. எனக்குக் கவலையில்லை. போன கிழமை அதே கோயிலில் அதே அம்மா கண்டு, "இப்ப சுகமோ பிள்ளை?" என்று கேட்டா. "சுகம் அம்மா" என்றேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். என் வலக் கன்னம் இடக் கன்னத்தைவிட அதிகம் சுருங்கியிருக்கிறது என்று டொக்டர் காட்டினார். கோட்டையில் வங்கி வேலைக்கு 31 வருஷம் 101ஆம் நம்பர் பஸ், டிரைவருக்குப் பின்னால் யன்னல் சீட். காலையில் வடக்கே போகும்போது கிழக்கு வெயில் வலப்பக்கம், பின்னேரம் திரும்பும்போது கடல் பக்கத்து வெயிலும் அதே வலப்பக்கம். 28 வருஷம் லொறி ஓட்டிய ஒருவருடைய படத்தைப் போனில் காட்டினார், 2012இல் ஒரு வைத்திய இதழில் வந்தது. யன்னல் பக்கத்து முகம் மட்டும் இருபது வயது கூடின மாதிரி. ஒஸ்ரேலியாவில் 903 பேரை நாலரை வருஷம் பார்த்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் சன்ஸ்கிறீன் பூசியவர்களுக்குத் தோல் முதுமை 24 வீதம் குறைவாம். எங்களுக்கு இருபது வயதில் இதை ஆர் சொன்னது, ராணி? குடை பிடித்தால் கறுக்க மாட்டாய் என்று மட்டும்தானே சொன்னார்கள். இப்போது காலையில் முகத்துக்கும் கழுத்துக்கும் சன்ஸ்கிறீன், இரவில் ட்ரெற்றினோயின் என்ற தோல் கிறீம் கடலையளவு, கழுத்துக்கு மூன்று நாளைக்கு ஒரு தரம். முதல் மாதம் உரிந்தது, பிறகு பழகிவிட்டது.

இனி உன் ஊசி. டிஒக்ஸிகோலிக் அமிலம், பித்தநீரில் கொழுப்பைக் கரைக்கிற அதே சாமான். 2015இல் அனுமதி கிடைத்த நல்ல மருந்துதான், ஆனால் அது நாடிக்குக் கீழ் கொழுப்புத் திரண்டவர்களுக்கு. நீ அந்த நிறை குறைக்கிற ஊசி தொடங்கி ஏழு மாதத்தில் பதினாறு கிலோ இறங்கியிருக்கிறாய். உன் நாடிக்குக் கீழே இப்போது தொங்குவது கொழுப்பா, வெறுந்தோலா? தோல்தான் என்றால், மிச்சக் கொழுப்பையும் கரைத்தால் பை வெறுமையாகி இன்னும் தொங்கும். தாடை ஓரத்து நரம்பில் பட்டால் சிரிப்பு சில கிழமைக்கு, சிலருக்கு மாதக் கணக்கில், கோணிப் போகும். உன் சிரிப்பை வைத்துத்தானடி நாங்கள் எல்லாரும் கமலா ரீச்சரிடம் தப்பினோம்.

நீ இன்னும் மெலிந்துகொண்டிருக்கிறாய். இன்றைக்கு அளந்து செய்வது ஆறு மாதத்தில் பொருந்தாது. நிறை ஒரு இடத்தில் நிற்கட்டும். முற்பணம் போனால் போகட்டும், நான் பாதி தருகிறேன், உண்மையாகத்தான் சொல்லுகிறேன். ஊசி போடுகிறவரிடம் போய், "என் தோலைக் கிள்ளிப் பார்த்தீங்களா? இது கொழுப்பு என்று எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேள். ஒழுங்கான ஆள் என்றால் கோபிக்க மாட்டார்.

மூன்று படம் அனுப்பு. நேராக ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, யன்னல் வெளிச்சத்தில், சால்வை சுற்றாமல். அடுத்த முறை போகும்போது என் டொக்டரிடம் காட்டிக் கேட்கிறேன். புதன் இரவு உனக்கு எட்டரைக்கு நான் போன் எடுப்பேன், இங்கே வியாழன் விடிய ஆறு மணி, நடைக்குப் போக முந்தி. எடு.

உன்
மாலா