கைப்பேசியைத் திறந்து பாருங்கள் என்றுதான் கேட்டோம்

புதுச்சேரி அரசின் காவல்துறை, சுகாதாரத்துறை உயர் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

தற்கொலையால் இறந்த என் தங்கை மகனின் வழக்கை முடித்துவிட்டீர்கள். காரணம் என்ற இடத்தில் 'தீராத வயிற்று வலி' என்று எழுதியிருக்கிறது. பிரேதப் பரிசோதனை அறிக்கையிலோ வயிற்றில் நோய் இருந்ததாக ஒரு வரிகூட இல்லை. சவக்கிடங்கு வாசலில் நிற்கத் தெம்பில்லாமல் இருந்த தகப்பனிடம் ஏதாவது ஒரு காரணம் சொல்லுங்கள் என்று கேட்டபோது, அவர் வாயில் வந்த சொல் அது.

குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆவது பிரிவுப்படி விசாரணை அறிக்கை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போயாக வேண்டும் என்பதை அறிவேன். முதல் அறிக்கைக்கு அந்த அவசரம் சரி. அன்று எழுதியதே கடைசிவரை காரணமாக நிற்பது எப்படிச் சரியாகும்?

அவனுடைய கைப்பேசியைப் பழுப்பு உறையில் போட்டு, குற்ற எண் எழுதி, அரக்கு முத்திரை வைத்துக் கொண்டுபோனார்கள். முத்திரை உடையாமலேயே அது எங்களிடம் திரும்பி வந்தது. தங்கை அதைச் சார்ஜில் போட்டதும், கடன் செயலிக்காரர்களின் மிரட்டல்கள் பூட்டிய திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அவன் முகத்தை ஒட்டிய ஆபாசப் படத்தைச் சொந்தபந்தம் எல்லோருக்கும் அனுப்பிவிடுவோம் என்றிருந்தது. காவல் நிலையத்தில் படித்திருக்க வேண்டியதைப் பெற்றவள் படித்தாள்.

கைப்பேசி ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. இத்தகைய மரணத்துக்கு ஒற்றைக் காரணம் இருப்பது அரிது. அதனால்தான் 1950களிலேயே லாஸ் ஏஞ்சல்ஸில், வீட்டார், நண்பர்கள், மருத்துவர் ஆகியோரிடம் பொறுமையாகக் கேட்டு இறந்தவரின் கடைசி நாள்களை அறியும் உளவியல் பிரேதப் பரிசோதனை என்ற முறை உருவானது. இங்கிலாந்தில் 2017இல் இறந்த 14 வயதுச் சிறுமியின் இணையப் பதிவுகளை ஆராய்ந்த மரண விசாரணை அதிகாரி, அவள் கண்ட பதிவுகளுக்கும் அந்த மரணத்தில் பங்குண்டு என்று 2022இல் பதிவு செய்தார். அப்படி ஆராய இங்கேயும் வழி உண்டு: ஜிப்மர் மருத்துவமனையில் தடய மருத்துவமும் மனநல மருத்துவமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில், நாடு முழுவதும் லட்சம் பேருக்கு 12.4 ஆக இருந்த தற்கொலை விகிதம் புதுச்சேரியில் 29.7. நாமோ கடற்கரைச் சாலையில் மாணவர்களை வெயிலில் நிறுத்தித் தற்கொலைத் தடுப்பு உறுதிமொழி வாங்குகிறோம். எதனால் இறந்தார்கள் என்றே பார்க்காமல் எதைத் தடுக்கப் போகிறோம்?

கோபத்தில் நீண்டுவிட்டது, பொறுத்தருளுங்கள். இளையோர் இப்படி இறக்கும்போது, குடும்பத்தின் ஒப்புதலோடு கைப்பேசியைத் தடயவியல் சோதனைக்கு அனுப்புங்கள். புகார், விதிமீறல் போன்றவற்றால் நீக்கிய பதிவுகளை இணைய நிறுவனங்கள் 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்கின்றன 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள். அந்தக் கெடு தீருமுன் கேட்டு வாங்குங்கள். கண்டறிந்ததை இறுதி அறிக்கையில் எழுதுங்கள், பெயரை நீக்கிச் சுகாதாரத்துறைக்கும் கொடுங்கள். எங்கள் வழக்கிலிருந்தே தொடங்குமாறு பணிந்து கேட்கிறேன்.

இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: கடன் செயலிக்காரர்கள் மிரட்டினால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள், மனம் தாங்காவிட்டால் எந்த நேரமானாலும் 14416 என்ற மனநல உதவி எண்ணில் பேசுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள், நாங்கள் திட்டமாட்டோம்.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்,
வில்லியனூர்.