தூக்கத்துக்கு விலக்கு கொடுக்காதீர்கள்: விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டிஜிசிஏ அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் விமானி இல்லை, ஒரு கோ-பைலட்டின், அதாவது துணை விமானியின், அப்பா. மகளுக்கு அதிகாலை டியூட்டி என்றால் முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்கே எங்கள் வீடு அடங்கிவிடும். டிவி கிடையாது, குக்கர் வைக்க மாட்டோம், அவள் அறை ஜன்னலில் கறுப்புத் துணி தொங்கும். ஆனால் தூக்கம் கூப்பிட்ட நேரத்துக்கா வருகிறது? எட்டரை மணிக்கும் கட்டிலில் புரண்டு படுக்கிற சத்தம் கேட்கும். இரண்டு மணிக்கு அலாரம், இரண்டே முக்காலுக்கு வாசலில் கார். திரும்பி வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சரிந்தவளை எழுப்ப மனசு வராமல் அவள் அம்மா சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போன நாட்கள் உண்டு.

வருஷா வருஷம் அவளுக்கு மெடிக்கல் நடக்கிறது. கண், காது, இசிஜி, ரத்தம் எல்லாம் பார்த்துத்தான் தகுதிச் சான்று தருகிறார்கள், அது கட்டாயம் வேண்டும், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் நேற்று ராத்திரி இவள் எவ்வளவு நேரம் தூங்கினாள் என்பது அந்தக் காகிதத்தில் எங்கே இருக்கிறது?

விமானிக்கு உடல் தகுதி வேண்டும் என்ற விதி பழையது. விமானப் போக்குவரத்துக்காக நாடுகள் போட்டுக்கொண்ட 1919 பாரிஸ் ஒப்பந்தத்திலேயே அது வந்துவிட்டது. இங்கே பிரிட்டிஷ் அரசு 1934-ல் விமானச் சட்டமும் 1937-ல் விமான விதிகளும் கொண்டுவந்தது. அதற்கு ஐந்து வருஷம் முன்னால், 1932 அக்டோபரில், ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குக் கொண்டுவந்த தபால் மூட்டைகளை அவருடைய கூட்டாளி விமானி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு எடுத்து வந்தார், ஒற்றை எஞ்சின் வைத்த குட்டி விமானத்தில். அந்தக் காலத்து வானத்துக்கு எழுதிய விதிகள் அவை. பிறகு எத்தனையோ திருத்தம் நடந்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். 2025 ஜனவரி 1 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் பாரதிய வாயுயான் அதினியம் என்ற புதிய விமானச் சட்டம் வந்தது, 1937 விதிகள் அப்போதும் தொடர்ந்தன. அந்த விதிகளில் விமானி 30 நாளில் 125 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்று இருக்கிறது. அது பறந்த மணியின் கணக்கு. அந்த மணி நடுப்பகலா, அதிகாலை மூன்றரையா என்று அது கேட்பதில்லை.

மங்களூரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2010 மே 22. துபாயிலிருந்து ராத்திரியில் புறப்பட்டு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் காலை ஆறு மணி சுமாருக்கு இறங்கியபோது, மேட்டு ஓடுபாதையின் முனையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 166 பேரில் 158 பேர் போனார்கள். காக்பிட் ஒலிப்பதிவில் கிடைத்தது சுமார் இரண்டு மணி நேரம், அதில் ஒரு மணி நாற்பது நிமிஷம் கேப்டன் தூங்கிக்கொண்டிருந்தார், குறட்டைச் சத்தம் பதிவாகியிருந்தது. இறங்கும் நேரத்தில் கோ-பைலட் மூன்று முறை கோ அரவுண்ட், அதாவது இறங்காமல் மறுபடி மேலே ஏறி, போகச் சொல்லியும் கேப்டன் விமானத்தை மேலே எடுக்கவில்லை. தூங்கி எழுந்த மந்தம் அவர் முடிவைப் பாதித்திருக்கலாம் என்று விசாரணை நீதிமன்றமே சொன்னது. அவரிடமும் செல்லுபடியாகும் மெடிக்கல் இருந்தது. ஆகாத நேரத்தில் உடம்பு இப்படித்தான் நடந்துகொள்ளும், யார் உடம்பாக இருந்தாலும்.

2024 ஜனவரியில் நீங்களே நல்ல விதிகளை அறிவித்தீர்கள். வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி ஆனது. விதிகளில் இரவு என்று கணக்கிடும் நேரம் காலை ஆறு மணி வரை நீண்டது. இரவில் ஆறு தரையிறக்கம் வரை போகலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தீர்கள். அந்த அறிவிப்பைப் படித்த அன்றைக்கு என் மகள் முகத்தில் இருந்த நிம்மதியை நான் பார்த்தேன். ஜூனில் வரவேண்டியது தள்ளிப்போனது. டெல்லி உயர் நீதிமன்றம் வரை விஷயம் போய், கடைசியில் 2025 ஜூலையிலும் நவம்பரிலுமாக இரண்டு கட்டமாக வந்தது. அப்புறம் டிசம்பரில் புதிய விதிகளுக்குப் போதுமான விமானிகள் இல்லாமல் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானதும், இரவு விதிகளிலிருந்து அந்த நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு கொடுத்தீர்கள். விமானி எடுத்த லீவையே வார ஓய்வாகக் கணக்கு காட்டக் கூடாது என்ற பிரிவையும் எல்லாருக்குமாக எடுத்தீர்கள். விமான நிலையத் தரையில் பெட்டியோடு உட்கார்ந்திருந்த ஜனங்களின் கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் ஆள் எடுக்க ஏறக்குறைய இரண்டு வருஷம் இருந்ததே! அதைச் செய்யாததற்கு விமானியின் தூக்கத்தை ஏன் எடுத்துக் கொடுத்தீர்கள்?

என் கோரிக்கை சிக்கலானது இல்லை. வார ஓய்வும் இரவு வரம்பும் ஒரு கடிதத்தால் தளர்த்த முடியாத இடத்தில், விதிகளுக்குள்ளேயே, எழுதப்பட வேண்டும். பார்வை குறைந்த விமானிக்கு நிறுவனத்தில் ஆள் பற்றாக்குறை என்று சொல்லி மூன்று மாதம் விலக்கு தருவீர்களா? அப்படியானால் தூக்கமில்லாதவருக்கும் தரக் கூடாது. சோர்வாக இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்த விமானியை அதற்காக ரோஸ்டரில் (டியூட்டிப் பட்டியலில்) பழிவாங்கினால் நிறுவனத்தின் மேல் நடவடிக்கை வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சோர்வு அறிக்கை தரச் சொல்லி நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டிருக்கிறீர்கள். எத்தனை பேர் எழுதிக் கொடுத்தார்கள், எத்தனையை நிறுவனம் ஏற்றது என்று அந்த அறிக்கைகளை, விமானிகளின் பெயர் இல்லாமல், உங்கள் இணையதளத்தில் போடுங்கள். டிக்கெட் வாங்கி ஏறுகிற நாங்களும் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கோ-பைலட்டின் அப்பா